ஓடிய தூரம் 84,612

அத்தியாயம் 9

"செத்துப்போனவன் பேர்ல வண்டி இருக்கறது இந்த ஆபீஸ்ல புதுசில்லைங்க. தன்னை இடிச்சுக் கொன்ன வண்டிக்குத் தானே சொந்தக்காரனா இருக்கறவன் என் தம்பி ஒருத்தன்தான்."

சொன்னவர் ஹெட்கிளார்க் அம்மா. வண்டிப் பதிவு அலுவலகத்தின் மூன்றாம் நம்பர் ஜன்னலுக்குப் பின்னால் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவர். இன்று அந்த ஜன்னலில் 'மூடப்பட்டுள்ளது' என்று அட்டை தொங்கியது. அவரோ ரெக்கார்டு ரூமில், கூரை வரை அடுக்கிய பழைய கட்டுகளுக்கு நடுவே, அழுது முடித்த முகத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

எதிரே இரண்டு பேர். ஒருவர் கொக்கி மேடம். இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து விசாரணை செய்து, போகிற கேஸில் எல்லாம் கொக்கி போட்டே பெயர் வாங்கியவர். இப்போது தனியாகத் துப்பறிகிறார். இன்னொருவர் சில்லறை. பதினெட்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து, மீதி கொடுக்காமல் மூன்று ரூட்டில் வசவு வாங்கியவர். தூசு மூக்கில் ஏறி, ஐந்தாவது தும்மலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் பதினோரு தாள் காலத்துக் கட்டு," என்றார் ஹெட்கிளார்க். "பழைய ஸ்கூட்டர் ஒண்ணு பேர் மாத்தணும்னா பதினோரு தாள், மூணு வரிசை, ரெண்டு நாள் லீவு, அதுக்கு மேல ஒரு ஏஜென்ட். நாலு வருஷம் மேலிடத்துல கெஞ்சிக் கூத்தாடி அதை ஒரே தாளாக்கினேன். விக்கறவர் கையெழுத்து, வாங்கறவர் கையெழுத்து, வாசல் பெட்டியில போட்டாப் போதும். ஒரு வாரத்துல புத்தகம் வீட்டுக்கு வந்துடும். அந்தத் தாளை வச்சே என் முகத்துல காறித் துப்பிட்டாங்க."

அந்தத் தாள் மேஜைமேல் கிடந்தது. விற்பவர், ஒரு பேக்கரிக்காரர். வாங்குபவர், ஹெட்கிளார்க்கின் தம்பி. வண்டி, ரொட்டி கொண்டுபோகும் வேன். விற்ற தேதி, போன மாதம் நாலு. எட்டாம் தேதி விடியற்காலையில் சைக்கிளில் பேப்பர் போடக் கிளம்பிய தம்பியை அதே வேன்தான் அடித்துப்போட்டுவிட்டு நிற்காமல் போனது. பால்காரர் ஒருவர் நம்பரைப் பார்த்திருந்தார். வேன் மட்டும் இன்றுவரை அகப்படவில்லை.

"தம்பிக்கு வேன் ஓட்டத் தெரியுமா?" என்றார் கொக்கி.

"சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டத் தெரியாது. பைக்குல பின்னால உக்காரவே பயப்படுவான். ஆனா போலீஸ் என்ன சொல்லுது தெரியுமா? அவன்தான் வாங்கினானாம், யாருக்கோ ஓட்டக் குடுத்தானாம், அந்த யாரோ தெரியாம இடிச்சுட்டாங்களாம். கேஸை மூடப் போறாங்க." அவர் குரல் இறங்கியது. "தாள்ல இருக்கற முத்திரை என்னோடது. அவன் போன பத்தாம் நாள் வேலைக்கு வந்து, பெட்டியில சேர்ந்திருந்த இருநூறு தாளுக்கும் குத்தினேன். ஒண்ணையும் படிக்கலை. என் தம்பி பேர் மேலயே குத்தியிருக்கேன்."

சில்லறைக்கு வந்த தும்மல் நின்றுபோனது.

"மூணு மணிக்கு விசாரணை. எனக்கு சஸ்பெண்டு. ஒரே தாள் திட்டத்துக்கு மூடுவிழா. போகட்டும், எனக்கு அதெல்லாம் வேண்டாம். அந்த ஆள் வேணும். ஜெயில்ல போடறது எனக்குப் பத்தாது. என் ஜன்னலுக்கு முன்னால வந்து நிக்கணும். நான் உக்காந்திருக்கணும், அவன் நின்னுட்டு எழுதணும்."

"இங்க உங்களுக்கு வேண்டியவங்க யாரு? வேண்டாதவங்க யாரு?"

"வேண்டியவர் பிரேக் இன்ஸ்பெக்டர் அண்ணன் ஒருத்தர்தான். வண்டிங்களைச் சோதிச்சு எஃப்.சி. குடுக்கறவர். தம்பி அடிபட்ட அன்னைக்குக் காலையிலதான் காலேஜ் முடிஞ்ச பொண்ணை ஹாஸ்டல்ல இருந்து கூட்டிட்டு வந்திருக்கார், கட்டில் பீரோவோட. வந்த கையோட ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்துட்டார். தம்பி பர்ஸ், அடையாள அட்டை, ஆஸ்பத்திரிப் பேப்பர் எல்லாம் அவர்தான் பாத்துக்கிட்டார். வேண்டாதவங்கன்னா எதிர்த்தாப்புல குடை போட்டு உக்காந்திருக்கற ஏஜென்ட்டுங்க மொத்தப் பேரும். அதுல ஸ்டாம்புன்னு ஒருத்தன், நடுரோட்டுல நின்னு என் குடும்பம் விளங்காதுன்னு சாபம் விட்டவன்."

கொக்கியின் விரல் தாளில் ஒரு கட்டத்தின்மேல் நின்றது. 'இதுவரை ஓடிய தூரம்' என்ற கட்டம். அதில் 84,612 என்று எழுதியிருந்தது.

"இந்தக் கட்டம் எதுக்கு?"

"மீட்டரைப் பின்னால திருப்பிட்டு விக்கறாங்க. வாங்கறவங்க ஏமாறக் கூடாதுன்னு நான்தான் சேர்த்தேன்."

"நல்ல வேலை பண்ணினீங்க," என்றார் கொக்கி, கைப்பையை எடுத்துக்கொண்டே.

பேக்கரிக்காரர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். வெளியே அவருடைய நாலு வேன்கள் வரிசையாக நின்றன. ஐந்தாவது நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

"நாலாம் தேதி வித்தேன். கையெழுத்துப் போட்டேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்," என்றார் அவர். பாடம் ஒப்பிப்பவர் போல மூன்று தடவை அதையே சொன்னார்.

"வாங்கினவர் எப்படி இருப்பார்?"

"மனுஷன் மாதிரிதான் இருப்பார்."

"அப்போ உங்க சொந்தக்காரர் இல்லை," என்றார் சில்லறை.

கொக்கி பேச்சில் கவனமாக இருப்பதாகத் தெரியவில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கம்பி நட்டிருந்தது. அதில் மாவு பில், சர்க்கரை பில் என்று ஒரு வருஷத்துத் துண்டுச் சீட்டுகள் குத்தியிருந்தன. எதையும் தூக்கி எறியாத மனிதர். கொக்கி மேலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். ஒரு ஒர்க்‌ஷாப் பில்லில் நிறுத்தினார்.

"நாலாம் தேதி வித்த வண்டிக்கு ஆறாம் தேதி உங்க செலவுல ஆயில் மாத்தியிருக்கீங்க. ரொம்பப் பெரிய மனசு."

"பன்னுக்கு வெண்ணெய் தடவறதையே கடன் குடுக்கற மாதிரி தடவறவர் மேடம் இவர்," என்றார் சில்லறை. "இவருக்கா அவ்வளவு பெரிய மனசு?"

கொக்கி பில்லையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ஆறாம் தேதி மெக்கானிக் எழுதின மீட்டர் 84,390. அதுக்கு ரெண்டு நாள் முன்னாலயே உங்க தாள்ல 84,612. மீட்டரைக் குறைச்சு எழுதி விக்கறவங்களை நிறையப் பாத்திருக்கேன். கூட்டி எழுதி வித்த முதல் மகராசன் நீங்கதான்."

அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. கல்லா மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"வெத்துத் தாளுங்க. கையெழுத்து மட்டும்தான் என்னோடது. ஒன்பதாம் தேதி வாங்கிட்டுப் போனாங்க. 'உன் வண்டி ஆளைக் கொன்னுடுச்சு, எஃப்.சி. வேற முடிஞ்சுபோச்சு, நீதான் உள்ள போகணும், இதுல போட்டுக் குடு, மத்ததை நான் பாத்துக்கறேன்'னு சொன்னாங்க. போட்டுட்டேன்."

"யாரு?"

"அதை மட்டும் கேக்காதீங்க. மத்த நாலு வண்டியும் வருஷா வருஷம் அந்த ஆள் கையில போய்த்தான் வரணும். நான் பொழப்பு நடத்தணும்."

தெருவுக்கு வந்ததும் சில்லறை சட்டைக் கையை மடக்கினார். "தெரிஞ்சுபோச்சு மேடம். வருஷா வருஷம் வண்டியைக் கொண்டுபோறவன் ஏஜென்ட். ஏஜென்ட்டுன்னா ஸ்டாம்பு. வாங்க, அவன் மூஞ்சியில நான் ஒரு முத்திரை குத்தறேன்."

குத்தத்தான் போனார். குடைக்கு அடியில், மடக்கு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஸ்டாம்பின் காலரைப் பிடித்துத் தூக்கியும் விட்டார். ஆனால் அந்த ஒல்லி மனிதர் தொங்கியபடியே அழ ஆரம்பித்தது சில்லறை எதிர்பாராதது.

"ஆமாங்க, சாபம் விட்டேன். பதினோரு தாள் எழுதிச் சோறு தின்னவன், ஒரே தாளானதும் என் அடுப்பு அணைஞ்சுபோச்சு. வாய்க்கு வந்ததைத் திட்டினேன். ஆனா அந்தப் பையன் தினம் காலையில இந்த மேஜைமேல பேப்பரைப் போட்டுட்டு, 'அக்கா சார்பா மன்னிச்சுக்கோங்கண்ணே'ன்னு சிரிச்சுட்டுப் போவான். அவனையா நான் கொல்லுவேன்? நான் விட்ட சாபம்தான் பலிச்சுடுச்சோன்னு தூக்கமில்லாம கிடக்கறேன்."

சில்லறையின் பிடி தானாகத் தளர்ந்தது. கசங்கிய காலரை நீவிவிட்டார். கொக்கி தாளை நீட்டினார்.

"இதை எழுதினது உங்க ஆளுங்கள்ல யாரு?"

ஸ்டாம்பு கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். மீட்டர் கட்டத்துக்கு வந்ததும் அவர் முகத்தில் தொழில்காரனின் ஏளனம் வந்துவிட்டது.

"ஏஜென்ட் எவனும் இல்லைங்க. நாங்க யாரும் வண்டியைப் பாக்கறதே கிடையாது. முப்பது வருஷத்துல ஒரு மீட்டரையாவது நான் குனிஞ்சு பாத்திருந்தா என் கையை வெட்டிடுங்க. எண்பதாயிரம்னு போடுவோம். கொஞ்சம் மனசாட்சி உள்ளவன்னா எண்பத்தஞ்சு. அறுநூத்திப் பன்னெண்டுன்னு கடைசி வரைக்கும் எவன் எழுதுவான்? வண்டிக்குள்ள தலையை விட்டுப் பாத்து எழுதியிருக்கான் பாவி. பொய்த் தாளை இவ்வளவு ஒழுங்கா எழுதின முட்டாளை நான் பாத்ததே இல்லை."

கொக்கி சிரித்தார். அன்று முழுக்க அவர் சிரித்தது அப்போதுதான்.

"சில்லறை, 84,612-ல இருந்து 84,390 போனா?"

"இருநூத்தி இருபத்திரண்டு. கணக்குல என்னை மடக்க முடியாது மேடம்."

"அதுல பாதி?"

"நூத்திப் பதினொண்ணு. எதுக்கு?"

"மூணு மணிக்கு உங்க ஸ்கூட்டரை ஆபீஸ் வாசல்ல நிறுத்துங்க. மீட்டர் மேல இருக்கற தூசைத் துடைக்காதீங்க."

விசாரணை அறையில் நீள மேஜை. தலைப்பக்கம் மேலதிகாரி, அடிக்கொருதரம் கடிகாரம் பார்க்கிறவர். ஒரு பக்கம் போலீஸ் அதிகாரி. மறுபக்கம் பிரேக் இன்ஸ்பெக்டர். தலை நரைத்த, கனிந்த முகம். ஹெட்கிளார்க் உட்கார நாற்காலி இழுத்துப் போட்டதும் அவர்தான், 'தைரியமா இரு தங்கச்சி' என்று தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்ததும் அவர்தான். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனிதரா என்று சில்லறைக்கு மனம் நெகிழ்ந்தது.

"திட்டம் ரொம்ப சுலபமாப் போச்சு. அதான் கண்டவனும் ஏமாத்தறான்," என்று ஆரம்பித்தார் மேலதிகாரி. "மறுபடி பதினோரு தாள்தான் சரி."

"எவ்வளவு சுலபம்னு சோதிச்சுப் பாத்துடலாமே சார்," என்றார் கொக்கி. புதுத் தாள்கள் மூன்றை எடுத்து, மூவர் முன்னாலும் வைத்தார். "இவரோட ஸ்கூட்டரை நான் வாங்கறேன். விவரமெல்லாம் பலகையில எழுதியிருக்கேன். அஞ்சு நிமிஷம். யார் முதல்ல முடிக்கறீங்கன்னு பாப்போம்."

மேலதிகாரி விளையாட்டாகச் சிரித்துக்கொண்டே எழுதினார். ஓடிய தூரக் கட்டத்தில் 30,000. போலீஸ் அதிகாரி சில்லறையை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். அந்த முகத்துக்குப் பொருந்தும் என்று நினைத்தாரோ என்னவோ, 60,000 போட்டார்.

பிரேக் இன்ஸ்பெக்டர் மடமடவென்று எழுதிக்கொண்டு வந்தார். மீட்டர் கட்டத்தில் பேனா நின்றது.

"வண்டி எங்க நிக்குது?"

"வாசல்லதான் சார்," என்றார் சில்லறை.

இன்ஸ்பெக்டர் எழுந்து போனார். ஜன்னல் வழியே எல்லோரும் பார்த்தார்கள். அவர் குனிந்தார். கட்டைவிரலால் மீட்டர் கண்ணாடியின் தூசைத் துடைத்தார். உதடு அசைய எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு படியேறி வந்து, உட்கார்ந்து, 41,877 என்று எழுதினார்.

ஹெட்கிளார்க் மெதுவாக எழுந்து நின்றார். அவருக்கு முதலில் விளங்கிவிட்டது.

"முப்பது வருஷப் பழக்கம்," என்றார் கொக்கி. "வண்டியைப் பாக்காம அந்தக் கட்டத்தை நிரப்ப உங்க கை வராது. தேதி பொய், பேர் பொய், வாங்கினவர் கையெழுத்து பொய். மீட்டர் மட்டும் சத்தியம்."

"பழக்கம் குத்தமாம்மா?" இன்ஸ்பெக்டர் சிரிக்கப் பார்த்தார்.

"இல்லை. ஆறாம் தேதி ஒர்க்‌ஷாப்ல இருந்து நேரா உங்ககிட்ட எஃப்.சி.க்கு வந்த வேனை ரிஜிஸ்தர்ல எழுதாம, சொந்த வேலைக்கு ஓட்டினீங்களே, அது குத்தம். ஒர்க்‌ஷாப் இந்தக் காம்பவுண்டுச் சுவரை ஒட்டித்தான் இருக்கு. அங்க 84,390. தாள்ல 84,612. வண்டி இருநூத்தி இருபத்திரண்டு கிலோமீட்டர் போயிருக்கு. போக நூத்திப் பதினொண்ணு, வர நூத்திப் பதினொண்ணு."

சில்லறையின் மண்டைக்குள் விசில் அடித்தது. "அட! பொம்பளைப் பிள்ளைங்க காலேஜ் இருக்கற ஊர் மேடம் அது! பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சரியா நூத்திப் பதினொண்ணு. வருஷக்கணக்கா நான் டிக்கெட் கிழிச்ச ரூட்டு!"

"பொண்ணைக் கூட்டிட்டு வந்தேன், இல்லைங்கலை. பஸ்ல வந்தோம்," என்றார் இன்ஸ்பெக்டர். கனிவு குரலில் மட்டும் பாக்கி இருந்தது.

"கட்டில் பீரோவோடவா?" சில்லறை மேஜைமேல் கையூன்றிக் குனிந்தார். "எந்த பஸ் சார் அது? அந்த ரூட்டுல தலகாணியை விடப் பெரிசா ஒரு மூட்டையை எந்தக் கண்டக்டரும் ஏத்த விட்டதில்லை. நான் மாமியார் கொண்டுவந்த பாயையே இறக்கிவிட்டவன்."

"கதை நல்லா இருக்கு. வேன் எங்க? வேன் இல்லாம நீங்க என்ன சொன்னாலும் கதைதான்."

"போலீஸ் எந்த இடத்துல தேட மாட்டாங்களோ அங்க," என்றார் கொக்கி. "அவங்களே வண்டியைப் பிடிச்சுக் கொண்டுவந்து விடற இடத்துல. பின்பக்கம் பறிமுதல் வண்டி மைதானம். சாவி உங்க இடுப்புலதானே இருக்கு?"

இன்ஸ்பெக்டரின் கை தன்னை அறியாமல் இடுப்புக்குப் போனது. போலீஸ் அதிகாரி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

நூறு வண்டிகள் துருப்பிடித்துக் கிடந்த மைதானத்தில், கடைசி வரிசையில், தார்ப்பாய்க்கு அடியில் வேன் இருந்தது. நம்பர் பலகை இல்லை. முன்பக்கம் நசுங்கியிருந்தது. சைக்கிளின் பச்சைப் பெயின்ட் பம்பரில் அப்படியே ஒட்டியிருந்தது. போலீஸ் அதிகாரி உள்ளே தலையை விட்டு மீட்டரை உரக்கப் படித்தார்.

"எண்பத்து நாலாயிரத்து அறுநூத்திப் பன்னெண்டு."

பிரேக் இன்ஸ்பெக்டர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். "தூக்கக் கலக்கம் தங்கச்சி. வேணும்னு செய்யலை. விழுந்தது யாருன்னே உன் தம்பின்னு சேதி வந்தப்புறம்தான் தெரியும்."

"தெரிஞ்சப்புறம் எனக்குத் தண்ணி வாங்கிக் குடுத்தீங்க," என்றார் ஹெட்கிளார்க். "அவன் அடையாள அட்டையை எடுத்துப் பையில போட்டுக்கிட்டீங்க. பேர் மாத்தற வண்டியெல்லாம் உங்க சோதனைக்கு வராம நேராப் பெட்டிக்குப் போகுது, வரும்படி போச்சேன்னு உங்களுக்கு வயித்தெரிச்சல். என் தம்பி பொணத்தை வச்சே என் தாளையும் சேர்த்துப் புதைக்கப் பாத்தீங்க. எந்திரிங்க. ஜன்னலுக்கு வாங்க."

போலீஸ் அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, விட்டுவிட்டார்.

மூன்றாம் நம்பர் ஜன்னலில் அட்டையை எடுத்துவிட்டு ஹெட்கிளார்க் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். மத்தியானத்திலிருந்து காத்திருந்த பத்துப் பதினைந்து பேர் ஒதுங்கி வழிவிட்டார்கள். கம்பிக்கு வெளியே பிரேக் இன்ஸ்பெக்டர் நின்றார். ஒரு புதுத் தாள் கம்பிக்கு அடியில் நகர்ந்து வந்தது.

"என் தம்பி பேர்ல அந்த வண்டி இன்னொரு ராத்திரி இருக்கக் கூடாது. பதிவை மாத்தக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, எழுதுங்க. ஒரே தாள்தான். அஞ்சு நிமிஷத்துல ஆயிடும்."

அவர் எழுதினார். ஒரு வரி கோணியது. 'தெளிவா எழுதுங்க' என்று தாள் திரும்பி வந்தது. மறுபடி எழுதினார். இந்தத் தடவை ஹெட்கிளார்க் விரல் வைத்து, ஒரு எழுத்து விடாமல், வரிசை முழுக்கக் கேட்கும்படி படித்தார். "ஆறாம் தேதியிலிருந்து வண்டி என் வசம் இருந்தது. எட்டாம் தேதி காலை ஓட்டியவன் நான். மேற்படி நபர் இந்த வண்டியை வாங்கவில்லை."

"சரியா இருக்கு," என்றார். "இன்னொண்ணு. அந்த வேன்ல வந்த கட்டிலை எடுக்க உங்க வீட்டுக்குப் போலீஸ் வரும். அது சாட்சிப் பொருள். எதுக்கு எடுக்கறாங்கன்னு உங்க பொண்ணு கேப்பா. நீங்களே சொல்லிடுங்க. சொல்லலைன்னா நான் வந்து சொல்லுவேன்."

"அவளை விட்டுடு தங்கச்சி. வண்டியில தூங்கிட்டிருந்தா, அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"என் தம்பிக்கும் தெரியாது."

இந்த அம்மா இவ்வளவு தூரம் போவார் என்று சில்லறை நினைக்கவில்லை. கொக்கியைத் திரும்பிப் பார்த்தார்; தடுப்பார் என்று எதிர்பார்த்தார். கொக்கி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாவம் என்று சொல்லச் சில்லறைக்கும் வாய் வரவில்லை. பர்ஸைக் கொடுத்துவிட்டு நம்பியிருந்தவருக்குத் தண்ணீர் டம்ளர் நகர்த்திய கை அது.

ஹெட்கிளார்க் முத்திரையை மையில் ஒற்றி எடுத்தார். தம்பியின் பெயருக்கு எதிரே இருந்த 'நீக்கப்பட்டது' என்ற இடத்தில் ஓங்கிக் குத்தினார். மேஜைமேல் இருந்த குண்டூசி டப்பா குதித்துக் கவிழ்ந்தது.

போலீஸ் அந்த மனிதரைக் கூட்டிக்கொண்டு படியிறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார்.

"அடுத்தது யாரு? வாங்க."